பெரியவர் கோபப்பட்டால் மோட்டார் நிற்கும்

"கண்டுபிடிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லைங்க மேடம். யாருன்னு எனக்கே தெரியும். நீங்க நிரூபிச்சுக் குடுத்தா போதும்."

இப்படிப் பேசிக்கொண்டே கேஸ் கொண்டுவருகிறவர்கள் எனக்கு மிகவும் பிடித்தமானவர்கள். பாதி வேலையை அவர்களே முடித்துவிடுவார்கள். தப்பான பாதியை.

பேசியவர் காளியப்பன். பாப்பிரெட்டிப்பட்டிக்கு வெளியே, சித்தேரி மலையைப் பார்த்தபடி இருக்கும் சேகோ மில்லுக்கு முதலாளி. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து, மாவைப் படியவைத்து, உருட்டி ஜவ்வரிசி ஆக்குகிற இடம். கேட்டுக்குள் நுழைந்ததுமே புளித்த மாவு நாற்றம் முகத்தில் அறைந்தது. பாயசத்தின் மேல் எனக்கிருந்த மரியாதை அன்றோடு போயிற்று.

நான் நவநீதன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பேக்கரி மாடியில் இருக்கும் தேவி துப்பறியும் நிலையத்தின் உதவியாளன். பைக் ஓட்டுவது, ஏணி பிடிப்பது, மேடம் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது, இவைதான் என் வேலை. கடைசி வேலை இன்னும் கைவரவில்லை. மேடம் என்றால் நிர்மலாதேவி. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் பாடம் எடுத்தவர். பசங்கள் சொல்லும் பொய்யில் தரமே இல்லை என்று வேலையை விட்டுவிட்டு, பெரியவர்களின் பொய்யைத் தேடிக் கிளம்பிவிட்டார்.

"முதல்லேருந்து சொல்லுங்க. மோட்டார் எப்படி நிக்குது?" என்றார் மேடம்.

"அரவை மோட்டார்ங்க. எங்கப்பா காலத்துது. ஓடிட்டே இருக்கும், டப்புனு நின்னுடும். நடுவுல நின்னா கிழங்கு உருளைக்குள்ள இறுகிக்கும். அதைத் தோண்டி எடுக்கறதுக்குள்ள மீதிக் கிழங்கெல்லாம் கறுத்துப் போயிடும். அப்புறம் மாட்டுக்குத்தான் கொட்டணும். அந்த மாது பண்ற வேலை. ஸ்டார்ட்டர் ரூம் சாவி அவன்கிட்டதான் இருக்குது."

"அவர் ஏன் நிறுத்தணும்?"

"சாமி இல்லைங்கற கட்சிங்க அவன். எப்பவும் கருப்புச் சட்டைதான். நான் மில்லுக்கு வர்ற அன்னிக்கு மட்டும்தான் மோட்டார் நிக்குது. அதுவும் எங்கப்பா போட்டோவுக்கு ஊதுபத்தி ஏத்திக் கும்பிடற நேரம் பாத்து. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள நிறுத்திடறான். என் பக்தியைக் கேலி பண்றான் மேடம்." அவர் குரலில் கோபம் பாதி, அழுகை பாதி. "சாயங்காலம் எஸ்.ஐ. அம்மா வர்றாங்க. ஆதாரம் இருந்தா இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன்னுட்டாங்க. அவன் குடியிருக்கிற குவார்ட்டர்ஸையும் காலி பண்ணச் சொல்லிட்டேன்."

"மத்த ஆளுங்க என்ன சொல்றாங்க?"

காளியப்பன் கொஞ்சம் தயங்கினார். தயக்கத்தில் பெருமையும் இருந்தது. "எங்கப்பாதான் நிறுத்தறாருங்கறாங்க."

"அவரு தவறி எவ்வளவு நாளாச்சு?"

"வருஷத் திதி போன மாசம்தான் முடிஞ்சுது."

"சாட்சிக்குக் கூப்பிட்டா வருவாருங்களா?" என்றேன். மேடம் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். சம்பளத்தோடு சேர்ந்து வருகிற மிதி அது.

ஸ்டார்ட்டர் ரூம் மில்லின் பின்கோடியில் இருந்தது. கதவோரம் சாக்கின்மேல் மாது உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தொடுகிற வயது. சாயம் போய்ச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்ட கருப்புச் சட்டை. எங்களைப் பார்த்ததும் எழுந்து, கேட்பதற்கு முன்பே பூட்டைத் திறந்துவிட்டார்.

உள்ளே நின்றது ஸ்டார்ட்டரா பீரோவா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. வார்ப்பு இரும்புப் பெட்டி. பக்கவாட்டில் என் கை நீளத்துக்கு ஒரு ஹேண்டில். முகப்பில் சிவப்பாக ஒரு ஸ்டாப் பட்டன். பெட்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம், அதற்கு மேல் போன ஆயுத பூஜையின் மஞ்சள்.

"இதுக்குப் பொட்டு யாரு வச்சது?"

"மொதலாளிதாங்க. நான் வைக்கறதுமில்லை, அழிக்கறதுமில்லை" என்றார் மாது.

மேடம் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தார். "மோட்டார் நின்னதும் பெல்ட்டைக் கழட்டிட்டு ஹேண்டிலைப் போட்டா?"

"அந்த நிமிஷமே புடிச்சுக்குதுங்க."

"அப்ப லோடு தாங்காம விழலை. ஓவர்லோடுல விழுந்திருந்தா சூடு ஆறுற வரைக்கும் ஹேண்டில் நிக்காது. ஈ.பி. கரண்ட் போயிருக்குமா?"

"பல்பு எரிஞ்சுட்டேதாங்க இருக்குது. காயிலை மாத்திப் பாத்துட்டேன். காண்டாக்டெல்லாம் தேச்சு வச்சிட்டேன். இந்தப் பொட்டி மேல குத்தமே இல்லைங்க."

மேடம் என் பக்கம் திரும்பினார். பழைய வாத்தியார் புத்தி. "நவநீ, ஹேண்டிலைப் புடிச்சு வச்சிருக்கறது இந்தக் காயில். கரண்ட் இருக்கற வரைக்கும் காந்தம் மாதிரி புடிச்சிருக்கும். கண் சிமிட்டற நேரம் கரண்ட் விட்டுப்போனாலும் கையை விட்டுடும். மோட்டார் நின்னுடும். ஸ்டாப் பட்டன் செய்யறதும் அதேதான். காயிலுக்குப் போற கரண்டை வெட்டும்."

"அப்ப யாரோ பட்டனை அமுக்கறாங்க. சாவி இவர்கிட்ட. கேஸ் முடிஞ்சுது, போண்டா சாப்பிடப் போலாம்."

மாதுவின் முகம் சுண்டிப்போனது. எனக்கே சங்கடமாகிவிட்டது. வாயை அடக்கு என்று என் தாய் சொன்னதைக் கேட்டிருந்தால் நான் பேங்கில் இருந்திருப்பேன்.

மேடம் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். எதிரே லாரி உயரத்துக்குக் குச்சிக்கிழங்குக் குவியல். அதற்கு அந்தப் பக்கம் ஆபீஸ்.

"இங்கேருந்து ஆபீஸ் தெரியுதா?"

"ஓட்டு முகடு மட்டும்தான் தெரியுதுங்க மேடம்" என்றேன்.

"மோட்டார் ஓடும்போது மணி அடிச்சா கேக்குமா?"

"இடி விழுந்தாலே கேக்காதுங்க" என்றார் மாது.

"அப்ப மொதலாளி எப்போ கண்ணை மூடறாருன்னு இவருக்கு எப்படித் தெரியும்? காக்கா ஒக்காரப் பனம்பழம் விழுந்த கதைன்னா ஒரு தடவை விழும். ஒக்காந்த தடவையெல்லாம் விழாது. ஒவ்வொரு தடவையும் சரியா கும்பிடற நேரத்துல நிறுத்தணும்னா இவருக்கு ஞானதிருஷ்டி இருக்கணும். அப்படி இருந்தா இவரே சாமி."

மாதுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

மேடம் மறுபடி பெட்டிக்குள் தலையை விட்டார். வெளியே எடுத்தபோது மூக்கு நுனியில் கரி, கண்ணில் வெளிச்சம். "ஒரு ஸ்டாப் பட்டனுக்கு எத்தனை ஒயர் வேணும் மாது?"

"ரெண்டு போதுங்க."

"இங்க இன்னும் ஒரு ஜோடி இருக்கே. அது குழாய்க்குள்ள பூந்து சுவத்துக்குள்ள போவுது."

"நான் வேலைக்குச் சேர்றப்பவே இருந்துதுங்க. எந்த ஒயரையும் தொடாதேன்னு மொதலாளியோட அப்பா, பெரியவரு, உத்தரவு. ஒருதரம் கழட்டிப் பாத்தேன். மோட்டாரே எடுக்கலை. திருப்பி மாட்டிட்டேன்."

"ஏன் எடுக்கலைன்னு யோசிக்கலையா?"

"இந்த மில்லுல யோசிக்கறதுக்குச் சம்பளம் இல்லைங்க."

"நவநீ, இந்தக் குழாய் எங்க போகுதுன்னு பாரு."

பாரு என்றால் ஏறு என்று அர்த்தம். குழாய் சுவரில் ஏறியது, நானும் ஏறினேன். வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பில் குழாய் சுவரோடு சுவராகிப் போயிருந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டித்தான் பின்தொடர வேண்டியிருந்தது. கூரை ஓரமாகப் போய், கிழங்குக் குவியலின் தலைக்கு மேல் தாண்டியது. நான் குவியலின்மேல் தாண்டப் பார்த்தேன். கிழங்கு உருண்டது, நானும் உருண்டேன், மாவுத் தொட்டியில் முழங்கால்வரை இறங்கினேன். ஏறி வந்தபோது ஒரு கால் மட்டும் சுண்ணாம்பு அடித்த கால் போல இருந்தது.

"துப்பு கெடச்சுதா?" என்றார் மேடம், கீழே நின்றபடி, நிழலில்.

"ஜவ்வரிசி கெடச்சுது."

தொட்டிக்குப் பக்கத்தில்தான் குவார்ட்டர்ஸ். வாசலில் ஒரு டெம்போ நின்றிருந்தது. மாதுவின் மனைவி சின்னக்கா பாத்திர மூட்டையை அதில் ஏற்றிக்கொண்டிருந்தார். கட்டில், மிக்சி, கிரைண்டர் எல்லாம் ஏற்கெனவே ஏறியாகிவிட்டது. என் காலைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

"எங்க போறீங்க?" என்று மேடம் கேட்டார்.

"மாரண்டஹள்ளியில தம்பி வூடு இருக்குதுங்க. அங்க எத்தனை நாளு விடுவாங்களோ. இந்த மனுசன் ஸ்டேசன்ல போய் ஒக்காந்தா அப்புறம் யாரு வேலை குடுப்பாங்க? நான் அப்பவே சொன்னேன், பெரியவரு கோவக்காரரு, அவுரு போட்டோவுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயான்னு. கேட்டாத்தான."

"பெரியவருக்கும் மோட்டாருக்கும் என்னங்க?"

"தெரியாதுங்களா? பெரியவரு கோவப்பட்டா மோட்டார் நின்னுடும். நாங்க கெழங்கு உரிச்சுட்டே ஊர்க்கதை பேசிட்டு இருப்போம். ஆபீஸ்ல ஒக்காந்து பாப்பாரு. திட்ட மாட்டாரு, எந்திரிக்க மாட்டாரு. பாத்துட்டே இருப்பாரு. மோட்டாரு தானா நிக்கும். ஒடம்பெல்லாம் வேர்த்துப் போயிடும் எங்களுக்கு. அந்த வாரமெல்லாம் ஒருத்தி வாயைத் தொறக்க மாட்டா."

"பாக்கும்போது கையை எங்க வச்சிருப்பாரு?"

சின்னக்கா யோசித்தார். "சேர்ல சாஞ்சு, ரெண்டு கையையும் தலைக்குப் பின்னால கோத்துட்டு இருப்பாரு. அதுக்கென்னங்க?"

மேடம் என் சுண்ணாம்புக் காலைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். அவர் அப்படிச் சிரித்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். மறுபடி தொடர்ந்து போனபோது, குழாய் ஆபீஸின் பின்சுவருக்குள் நுழைந்து மறைந்தது. அதே நேரம் கேட்டில் போலீஸ் ஜீப் ஹாரன் அடித்தது.

எஸ்.ஐ. கோகிலவாணி இறங்கும்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆதாரம் ரெடிங்களா?"

"ரெடி. மாதுவை உங்க பக்கத்துல ஒக்கார வச்சுக்கங்க. அவரு கை ரெண்டும் உங்க கண்ணு முன்னாடியே இருக்கட்டும்" என்றார் மேடம்.

"கருப்புச் சட்டையோட அவன் ஆபீசுக்குள்ள காலை வைக்கக்கூடாது" என்றார் காளியப்பன். "எங்கப்பா இருக்கற எடம். நான் வந்ததுலேருந்து விட்டதே இல்லை. எங்கப்பா இருந்தப்பவும் யாரையும் உள்ள விட்டதில்லைம்பாங்க. நான் அப்போ ஓசூர்ல கடை வச்சிருந்தேன்."

"வாசப்படிக்கு வெளியவே ஒக்காரட்டும்."

எனக்கு உத்தரவு வந்தது. நான் மாதுவையும் கூட்டிக்கொண்டு ஸ்டார்ட்டர் ரூமுக்கு ஓடினேன். பெல்ட்டைக் கழற்றி, மாது கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தபடி ஹேண்டிலை ஒரு பக்கம் தள்ளி, மோட்டார் வேகம் பிடிக்கும்வரை காத்திருந்து, அடுத்த பக்கம் தள்ளினேன். பிடித்துக்கொண்டது. ரூமைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாதுவோடு ஆபீசுக்கு ஓடி வந்தேன். வெறும் மோட்டாரின் உறுமல் அதுவரை எட்டியது. ஜன்னலில் வேலையாட்களின் தலைகள் முளைத்திருந்தன.

ஆபீஸ் சுவரில் புது வெள்ளை. நடுவில் பெரியவரின் போட்டோ. ஆளை நேரில் பார்ப்பது போன்ற அளவு, தேக்குச் சட்டம், தடிமனான சந்தன மாலை.

"போட்டோ எப்ப மாட்டினது?" என்று மேடம் கேட்டார்.

"திதிக்கு வெள்ளையடிச்சப்ப. முன்ன சின்னதா ஒண்ணு எதிர்ச் சுவத்துல இருந்துது. எங்கப்பா ஒக்கார்ற எடத்துலயே இருக்கட்டும்னு பெருசா போட்டு இங்க மாட்டினேன்."

"நல்லது. நீங்க எப்பவும் கும்பிடற மாதிரியே கும்பிடுங்க. எதையும் விட்டுடாதீங்க."

காளியப்பன் செருப்பைக் கழற்றினார். ஊதுபத்தி ஏற்றினார். மூன்று சுற்று சுற்றிச் செருகினார். கண்ணை மூடி, உதடு அசைய எதையோ வேண்டிக்கொண்டார். பிறகு முன்னால் குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் அப்பாவின் மார்பில் அழுத்தி வைத்து, எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மோட்டார் நின்றது.

"பாத்தீங்களா மேடம், பண்ணிட்டான்" என்றார் காளியப்பன், கண்ணைத் திறக்காமலே.

"பண்ணலைங்க. டீ குடிக்கறாரு" என்றார் எஸ்.ஐ.

காளியப்பன் திரும்பிப் பார்த்தார். வாசற்படிக்கு வெளியே மாது ஒரு கையில் டீ கிளாசும் மறு கையில் பன்னுமாக உட்கார்ந்திருந்தார். நான் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து ஆட்டிக் காட்டினேன். ஜன்னலுக்கு வெளியே ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பெரியவருதான். நான் சொல்லலை?" என்றது இன்னொரு குரல்.

"எஸ்.ஐ. மேடம், ஒரு ரெண்டு நிமிஷம்" என்று மேடம் அவரை வாசலிலேயே விட்டுவிட்டுக் கதவையும் ஜன்னலையும் சாத்தினார். உள்ளே நாங்கள் மூன்று பேர், பெரியவரையும் சேர்த்தால் நாலு. மேடம் போட்டோவின் கீழ் விளிம்பைப் பிடித்து மெல்லத் தூக்கினார்.

பின்னால் சுவரில் கையளவு பெட்டி ஒன்று, வெள்ளையடித்து வெள்ளையடித்துச் சுவராகவே ஆகிவிட்ட பெட்டி. அதன் நடுவில் ஒரு குமிழ். சட்டத்தின் பலகை பட்டுப் பட்டு, குமிழின் தலையில் மட்டும் சுண்ணாம்பு உதிர்ந்து சிவப்புத் தெரிந்தது.

"இன்னொரு ஸ்டாப் பட்டன். ஸ்டார்ட்டரோட சேத்து உங்கப்பா இதையும் போட்டு வச்சிருக்காரு, யாருக்கும் தெரியாம. காயிலுக்குப் போற கரண்ட் இது வழியாத்தான் போகுது, அதான் மாது அந்த ஒயரைக் கழட்டினப்ப மோட்டாரே எடுக்கலை. சேர்ல சாஞ்சு, தலைக்குப் பின்னால கையைக் கோத்தா அமுக்கறதுக்கு வாகா இருக்கும். பொண்ணுங்க கதை பேசினா ஒரு அமுக்கு. திட்டவே வேண்டியதில்லை."

காளியப்பன் அந்தக் குமிழையே பார்த்தார். "அப்ப நான்..."

"நீங்க பக்தியா தொட்டுக் கும்பிடறப்பல்லாம் நீங்களே நிறுத்தியிருக்கீங்க. மாதுவை ஒருநாள் உள்ள விட்டிருந்தா அவரே கண்டுபிடிச்சிருப்பாரு. சட்டை நிறம் பாத்து வெளியவே நிறுத்திட்டீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தணிந்த குரலில் சொன்னார். "மேடம், ஒரு உதவி. ஸ்டார்ட்டருக்குள்ள பல்லி விழுந்துச்சுன்னு சொல்லிடலாங்களா? கேஸ் வேண்டாம். மாது வேலைக்கும் வரட்டும். வெளிய நிக்கறவங்க எங்கப்பாவைச் சாமின்னு நெனைக்கறாங்க. அது வெறும் சுவிட்சுன்னு தெரிஞ்சா அவுரு பேரு என்னாவறது?"

"பல்லி பேரைச் சொன்னா, இன்னிக்குப் பல்லி, அன்னிக்கு மாதுன்னுதான் ஊரு பேசும். நீங்க ஆதாரம் கேட்டீங்க, குடுத்துட்டேன். செத்தவரு பேரா, இருக்கறவரு பேரா, அது உங்க பாடு." மேடம் கதவைத் திறந்துவிட்டார்.

எனக்கு அந்த மனுஷன் மேல் பரிதாபமாகத்தான் இருந்தது. அப்பனைக் கும்பிட்ட பாவத்துக்கு அப்பனையே காட்டிக்கொடுக்கிற நிலைமை யாருக்கும் வரக்கூடாது. ஆனால் வெளியே டெம்போக்காரன் கயிறு கட்ட ஆரம்பித்திருந்தான்.

"என்ன ஆச்சு? யாருங்க நிறுத்தினது?" என்றார் எஸ்.ஐ.

காளியப்பன் எழுந்தார். அப்பாவைப் பார்த்தார். மாதுவைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். எனக்குப் பல்லியின் சத்தம் கேட்பது போலவே இருந்தது. பிறகு அவர் இரண்டு கையாலும் போட்டோவைத் தூக்கிக் கழற்றி, மேஜையில் சாய்த்து வைத்தார்.

"நான்தாங்க. இத்தனை நாளும் நான்தான் நிறுத்திட்டிருந்தேன். அதுக்கு முன்ன எங்கப்பா. இந்தப் பட்டன்லதான். மாது ஒண்ணும் பண்ணலை."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சின்னக்கா முன்னால் வந்து அந்தக் குமிழை உற்றுப் பார்த்தார்.

"அப்போ அத்தனை வருசமும் நாங்க பயந்து செத்தது இதுக்குத்தானா?" என்றார். "அடப் பாவி மனுசா." பெரியவரைத்தான் சொன்னார், போட்டோவைப் பார்த்தே சொன்னார். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. காளியப்பன் தலையைக் குனிந்துகொண்டு அத்தனை சிரிப்பையும் வாங்கிக்கொண்டார். எஸ்.ஐ. தொப்பியால் வாயை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

சிரிப்பு ஓய்ந்ததும் காளியப்பன் சொன்னார். "மாது, வேலையைப் பாரு. கெழங்கு கறுக்குது."

மாது அசையவில்லை. சின்னக்காதான் பேசினார். "கறுக்கட்டுங்க. சாமானை வண்டியில ஏத்துனது நாங்க. எறக்கறது நீங்கதான் மொதலாளி."

காளியப்பன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு டெம்போவுக்கு நடந்தார். கயிற்றை அவிழ்த்தார். முதலில் அவர் கைக்கு அகப்பட்டது கிரைண்டர். மார்போடு அணைத்துத் தூக்கினார். முகம் சிவந்தது, முழங்கால் மடங்கியது. மூன்றாவது அடியில் கிரைண்டரோடு மனுஷனும் சாயப் போனார்.

மாது டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் மறுபக்கம் பிடித்துக்கொண்டார்.

"கல்லைப் பாத்துப் புடிங்க மொதலாளி," என்றார், "காலுல போட்டுக்கிட்டு அதுக்கும் என்னையவே சொல்லுவீங்க."